பேச்சியம்மாளின் கையைச் சோதித்தேன்

1. திரும்பி வந்த சரக்கு

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில், ராணுவ ஸ்டோருக்குப் போயிருந்த தோல் அத்தனையும் திரும்பி வந்து முற்றத்தில் கிடந்தது. எருமைத் தோல். சிப்பாய்களின் பூட்ஸுக்கு அடித்தோலாகப் போக வேண்டியது. விரித்துப் பார்த்தால் நிறையத் தோல்களில் நீலமும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. முதலாளி, மேஸ்திரி, கணக்கப்பிள்ளை எல்லோரும் சுற்றி நின்றார்கள். சர்ட்டிபிகேட்டும் கையுமாகப் போன என்னை யாரும் வா என்று சொல்லவில்லை. இழவு வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவன் மாதிரி நின்றேன்.

அது யுத்த காலம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுப் பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்தவன் நான். எங்கள் ஆட்கள் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும் கற்றுக்கொண்டு ஃபோர்ட் பக்கம் ஆபீசுகளில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு அந்த இரண்டும் வரவில்லை. கிடைத்தது தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் கெமிஸ்ட் வேலை. பச்சைத் தோலை வாங்கிப் பதப்படுத்தி விற்கிற இடத்தை அங்கே தோல் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். அங்கே இருக்கும் நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உள்ளே வேலை செய்கிறவனுக்குச் சில நாளில் அது தெரியாமல் போய்விடும்.

இப்போது என் லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், சயன்டிஃபிக் மெத்தட் என்றால் என்ன சார் என்று என்னைக் கேட்பார்கள். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லி அனுப்பிவிடுவேன். புத்தகத்தில் எல்லாம் வரிசையாக நடக்கும். ஒரு சந்தேகம், அதற்கு ஒரு கருதுகோள், அதற்கு ஒரு சோதனை, கடைசியில் ஒரு முடிவு, முடிவைக் கேட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

முதலாளி ஹமீது திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். மேஸ்திரி சுடலைமுத்துவும் அதே பக்கம்தான். வேலை தெரிந்தவர், பிடிவாதக்காரர். முதலாளி கறையைக் காட்டி, இது என்ன ஐயரே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி பதில் சொல்லிவிட்டார்.

"இதுக்கு கெமிஸ்ட்டு எதுக்கு மொதலாளி? பேச்சியம்மா கை. அவ கை பட்ட தோலுதான் அம்புட்டும்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பேச்சியம்மாள் எண்ணெய் தேய்க்கிற பெண்களில் ஒருத்தி. ஆவாரம்பட்டைக் குழியில் ஊறி வெளியே வந்த தோலை, ஈரம் வற்றுவதற்கு முன்னால் எண்ணெய் தேய்த்து மூங்கிலில் காயப்போட வேண்டும். அவள் புருஷன் அங்கேயே சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவன். காய்ச்சலில் போய்விட்டான். முதலாளி இரக்கப்பட்டு அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்து, ஷாப்புக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த கோலியிலேயே இருந்துகொள்ளச் சொன்னார். ஒரே அறைதான் அந்தக் கோலி. வேலை இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும். அதில் அவளும், மாசமாக இருந்த மகளும் இருந்தார்கள். மருமகன் பட்டாளத்தில்.

அவள் வேலைக்கு வந்தது மழைக்காலத்தில். முதலில் அவள் தேய்த்துப்போட்ட தோல்களில் பூஞ்சை பூத்துவிட்டது. பம்பாய் மழையில் காலில் கிடக்கிற செருப்பே பூஞ்சை பூக்கும். ஆனால் கூட வேலை செய்தவர்கள் கைராசி இல்லாதவள் என்றார்கள். புருஷனை முழுங்கின கை என்றார்கள். அன்றிலிருந்து அவளைத் தள்ளி ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

முதலாளி என்னிடம் ஒரே பேச்சுதான் பேசினார். அடுத்த சரக்கும் இப்படித் திரும்பினால் ராணுவ ஆர்டர் போய்விடும். அதற்குள் காரணம் சொல்லுங்கள், இல்லையென்றால் அவளை அனுப்பிவிடுகிறேன் என்றார். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஒருத்தியின் சோறும் கூரையும் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

2. என் அபிப்பிராயம்

பட்டை போட்ட தோலில் இரும்பு பட்டால் கறுக்கும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஆகவே எங்கிருந்தோ இரும்பு வருகிறது. கிணற்றுத் தண்ணீர் துருப்பிடித்த பைப்பில் வருகிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? தண்ணீர்தான் காரணம், கையாவது ராசியாவது என்று அன்று மத்தியானமே முதலாளியிடம் அடித்துச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றார். வேண்டுமென்றேதான் அவர் காதில் விழும்படி சொன்னேன்.

பிறகுதான் தண்ணீரைச் சோதித்தேன். ஆசிட் கொஞ்சம் விட்டுப் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைட் சொட்டினால், துரு இருக்கிற தண்ணீர் நீலமாகும். சொட்டினேன். நீலம் வரவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, ஒரு பழைய ஆணியின் துருவைக் கரைத்து அதில் சொட்டினேன். பேனா மை மாதிரி நீலம். மருந்தில் கோளாறில்லை. தண்ணீரிலும் கோளாறில்லை. கோளாறு என் வாயில்தான் இருந்தது.

அதோடு போகவில்லை. திரும்பி வந்த தோல்களை எடுத்துப்போட்டுப் பார்த்தேன். தேய்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் வால் பக்கத்தில் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. அதை வைத்து யார் யார் தேய்த்தது என்று பிரித்தேன். கறை பிடித்ததில் ஏறக்குறைய அத்தனையும் பேச்சியம்மாளுடைய அடையாளம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. மேஸ்திரி பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.

அன்றைக்கு ஒன்று உறைத்தது. மேஸ்திரி சொன்னது அபிப்பிராயம் என்றால், நான் சொன்னதும் அபிப்பிராயம்தான். என்னுடையது இங்கிலீஷ் படித்துவிட்டு வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மூட நம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு விஷயம் பொய்யாகிவிடாது. சிலருடைய வியர்வையில் தோலைக் கெடுக்கிற ஏதோ ஒன்று இருக்கலாம். இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கைதான் காரணம் என்பதையே கருதுகோளாக எடுத்துக்கொண்டு, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

3. ஒரு தோல், இரண்டு பாதி

எருமைத் தோலை முதுகெலும்புக் கோட்டில் இரண்டாகக் கிழிப்பது வழக்கம். அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரே மாடு, ஒரே குழி, ஒரே பட்டைத் தண்ணீர். ஒரு பாதியைப் பேச்சியம்மாள் தேய்க்கட்டும். மறு பாதியை மாரி தேய்க்கட்டும். மாரி அங்கே வெகுநாளாக இருக்கிறவள், ராசிக்காரி என்று பெயர் எடுத்தவள். யாருக்கு எந்தப் பாதி என்பதை நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இப்படிப் பல தோல்களைத் தேய்த்து, எல்லாவற்றையும் ஒரே மூங்கிலில் கலந்து காயப்போட வேண்டும்.

செய்வதற்கு முன்னால் மேஸ்திரியை முதலாளி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எது நடந்தால் அவள் கையில் ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொள்வீர்கள், இப்போதே சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

"காஞ்ச பொறவு நான் வந்து பாக்கேன் சாமி. அவ தேய்ச்ச பாதி எதுன்னு என்னால எடுத்துக் காட்ட முடியலைன்னா, அதுக்கு மேல அவளைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன்."

முதலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் அவள் இருக்கட்டும் என்று அவரும் சொன்னார்.

அடையாளம் போடுகிற வேலையை நான் செய்யவில்லை. கணக்கப்பிள்ளையைப் போடச் சொல்லி, எந்த வெட்டு யாருடையது என்று என்னிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். எனக்கு அந்தப் பொம்பளை ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. ஆசை வைத்திருக்கிறவன் கண் லேசான கறையைப் பார்க்காமல் விட்டுவிடும். மேஸ்திரியின் கண்ணை நம்பாதவன் என் கண்ணை மட்டும் எப்படி நம்புவது?

எண்ணெயில்தான் தகராறு வந்தது. பேச்சியம்மாள் கை விட்ட பாத்திரத்தில் தன் கையை விட மாட்டேன் என்று மாரி எழுந்துவிட்டாள். சண்டை போட நேரமில்லை. பக்கத்திலேயே கும்பார்வாடா. குயவர்களிடம் போய்ப் புதுசாக இரண்டு மண்சட்டி வாங்கி வந்து, ஒரே ஜாடியிலிருந்து இரண்டிலும் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

பேச்சியம்மாள் முதல் தோலைத் தொடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள். 

"கை நடுங்குது சாமி. நடுங்குனா அதையும் கணக்குல சேத்துக்கிடுவியளா?"

சேர்க்க மாட்டேன், வழக்கமாகத் தேய்க்கிற மாதிரி தேய் என்றேன்.

தோல் காய்ந்தது. மேஸ்திரி வந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எந்தப் பாதியிலும் கறை இல்லை. இருந்தாலும் ரோஷத்துக்காகச் சிலதை இழுத்துத் தனியாகப் போட்டார். கணக்கப்பிள்ளை வெட்டைப் பார்த்துச் சொன்னதில் பாதி அவளுடையது, பாதி மாரியுடையது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். மேஸ்திரி குழிப் பக்கம் போய்விட்டார். முதலாளி என் தோளைத் தட்டினார். அன்று நான் தங்கியிருந்த மாட்டுங்காவுக்குத் திரும்பி நடக்கும்போது எனக்குள் ஒரு பாட்டுக் கச்சேரியே நடந்துகொண்டிருந்தது.

சோதனை முடிந்தது, பேச்சியம்மாள் அவள் மூலைக்குத் திரும்பினாள். அதற்கடுத்துக் காய்ந்த தோல்களை விரித்தார்கள். அவளுடைய மூங்கிலில் மறுபடியும் கறை.

மேஸ்திரி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கொண்டாடுகிற முகமில்லை அது. எனக்குப் புத்தி சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற முகம்.

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தப்போ கை அடங்கிக் கெடந்துது சாமி. நீங்க அங்கிட்டுப் போனதும் குணத்தைக் காட்டிருச்சு. நான் ஒத்துக்கிட்டேன், இல்லைங்கல. இப்பம் கறை இருக்கா, இல்லையா?"

இருந்தது. ராணுவ ஸ்டோருக்குச் சரக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாளை இனிமேல் தோலைத் தொட வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள்.

4. களிம்பு

மாட்டுங்காவில் நான் சாப்பிட்ட மெஸ்ஸைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன் என்பது தெரிந்ததும் அங்கே ஒரு சலசலப்பு. போ என்று யாரும் சொல்லவில்லை. மெஸ் நடத்திய மாமா நல்ல மாதிரி. வாசல் பக்கத்தில் எனக்கென்று ஒரு இடம் காட்டி, ஒரு தட்டும் ஒரு பித்தளை டம்ளரும் தனியாகக் கொடுத்து, "இது உங்களோடதுன்னே வச்சுக்கோங்கோ, நீங்களே அலம்பி வச்சுடுங்கோ" என்றார். குளித்துவிட்டுத்தான் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குச் சாதம் போடப் போய்விட்டார். கோபம் வந்தது. வந்தும் அங்கேதான் சாப்பிட்டேன், வேறு எங்கே போவது?

கறை திரும்பி வந்த அன்று அந்த டம்ளரில் மோர் குடித்தேன். வாயெல்லாம் களிம்பு. உள்ளே பார்த்தால் பச்சை பூத்திருக்கிறது. மற்றவர்கள் டம்ளரையெல்லாம் வேலைக்காரி தினமும் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைப்பாள். என்னுடையதை அவள் தொட மாட்டாள். நான் குழாயில் காட்டி ஒரு கலக்குக் கலக்கிக் கவிழ்ப்பதோடு சரி. மாமாவிடம் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "தோல்ல பொழங்கற கையோன்னோ, பித்தளைக்கு ஆகலை போலருக்கு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

மோரைக் கீழே வைத்தேன். என் கை தொட்டதால் களிம்பு ஏறவில்லை. என் கை தொட்டது என்று ஒதுக்கி வைத்ததால் ஏறியது. பேச்சியம்மாளுக்கு என்று எதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்? சோதனையில் நான் அவளுக்குப் புதுச்சட்டி கொடுத்தேன். அதற்கு முன்னால் அவள் எதிலிருந்து எண்ணெய் எடுத்தாள் என்று நான் கேட்கவே இல்லை.

5. தகரம்

மறுநாள் காலையில் நேரே அவள் மூலைக்குப் போனேன். ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. மேல் பக்கத்தை வெட்டி எடுத்த பழைய தகரம். உள்ளே கையை விட்டு வழித்தால் எண்ணெயோடு செங்கல் நிறத்தில் துரு வந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய மண்பானை. பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதல் தடவை பூஞ்சை பூத்த அன்றைக்கே, பொதுப் பானையில் கை விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஒரு சட்டி வாங்கித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கென்று தனியாக யார் வாங்குவார்கள்? கும்பார்வாடா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்தத் தகரத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

தகரத்து எண்ணெயை ஆசிட்டில் குலுக்கி மருந்தைச் சொட்டினேன். அடர்ந்த நீலம். பானை எண்ணெயைக் குலுக்கிச் சொட்டினேன். நீலமே இல்லை.

பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கை கெட்டது என்று முதலில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சால் தனித் தகரம். தகரத்தால் துரு. துருவால் கறை. கறையைக் காட்டி, பார்த்தீர்களா கை கெட்டதுதான் என்று மறுபடியும் அதே பேச்சு. தங்கள் நம்பிக்கைக்கு வேண்டிய அத்தாட்சியைத் தாங்களே தயார் பண்ணிக் கொடுத்துவிட்டு, அதைப் பார்த்துத் தாங்களே பயந்துகொண்டிருந்தார்கள். இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எல்லோரையும் கூப்பிட்டு வைத்து நானே உட்கார்ந்து தேய்த்தேன். ஒரு பாதி பானை எண்ணெயில், ஒரு பாதி தகரத்து எண்ணெயில். பேச்சியம்மாள் அந்தப் பக்கமே வரவில்லை. காய்ந்ததும் விரித்துக் காட்டினேன். தகரத்துப் பாதியில் அதே கறை, அதே நீலம், அதே திட்டு. இனி யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தேன்.

"அந்தத் தகரத்துல அவ கை எம்புட்டு நாளா முங்கிக் கெடந்துது? அதுதான் இப்பம் உங்க கை வழியா எறங்கிருக்கு. நீங்க வீட்டுக்குப் போயி எண்ணெய் தேய்ச்சு முழுகுங்க சாமி."

சரி, அவள் கை படாத வேறு ஒரு துருப்பிடித்த தகரம் கொண்டுவருகிறேன், அதிலும் தேய்த்துப் பார்ப்போம் என்றேன். அதில் கறை வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். தோலை எதுக்குப் பாழாக்குதிய என்று திரும்பக் கேட்டார். மாரி தன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என் பக்கத்தில் நின்றதற்காகத் துடைத்துக்கொண்டாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"ஐயரே, எங்க மார்க்கத்துல சகுனமும் கெடையாது, ராசியும் கெடையாது. தகரம்தான்னு எனக்கு நல்லாப் புரியுது. ஆனா அவ மறுபடி வந்து உக்காந்தா நாங்க வரமாட்டோம்னு அத்தனை பொம்பளையளும் சொல்லிட்டாவ. ஆர்டர் நிக்குது. உங்க சோதனையை நான் நம்புதேன். நம்பி என்ன செய்ய, சொல்லுங்க?"

சோதனைக்கு முன்னால் நீங்கள் கொடுத்த வாக்கு என்று ஆரம்பித்தேன். நினைவிருக்கிறது என்றார். என்னோடு வாதாடியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்டேன். அவளை அனுப்புவதானால் அனுப்புங்கள், தகரத்தை மட்டும் அந்த மூலையிலேயே வைத்து வேறு யாராவது அதிலிருந்து தேய்க்கட்டும், கறை நிற்கிறதா என்று பார்ப்போம் என்றேன். அந்தத் தகரத்தைத் தொட ஆள் இல்லை. அவள் கோலியைக் காலி செய்து போன அன்று, தகரத்தையும் அவள் சாமான்களோடு சேர்த்து வெளியே வைத்துவிட்டார்கள்.

6. கறை போயிற்று

கறை நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? அவளும் போனாள், தகரமும் போயிற்று. அடுத்த சரக்கை ராணுவ ஸ்டோரில் ஒன்றுகூடத் தள்ளாமல் எடுத்துக்கொண்டார்கள். ஷாப்பில் அன்றைக்கு எல்லோருக்கும் மிட்டாய். மேஸ்திரி எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய சாமி. நீங்க பாடுபட்டியதான். படிப்பு வேற, கை வேற."

வாங்கி மேஜை மேல் வைத்தேன். தின்னவில்லை. அதன் பிறகும் அந்த ஷாப்பில்தான் வேலை பார்த்தேன். அங்கே யாரைக் கேட்டாலும், பேச்சியம்மாள் போனதும் கறை நின்றது என்று கண்ணால் பார்த்த சாட்சி சொல்வார்கள். உண்மைதானே, அவள் போனதும்தான் நின்றது.

பாடம் என்று சொல்ல வேண்டுமானால் இதுதான். எதையும் சோதிப்பதற்கு முன்னால், எது நடந்தால் உன் எண்ணத்தை விடுவாய் என்று எதிராளியைக் கேளுங்கள். உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்தான் காரணம் என்ற எண்ணத்தை நான் விட்டேன், ஏனென்றால் நீலம் வராவிட்டால் விட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது கூடவே வேறு எது மாறியது என்று பாருங்கள். இதையெல்லாம் செய்யுங்கள். செய்தால் உங்களுக்கு விடை கிடைக்கும். மற்றவர்களும் அதை வாங்கிக்கொள்வார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சில மாதம் கழித்து, மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிக்கொண்டு போனேன். மாஹிம் ஓடைக் கரையில் சாக்குப் போட்டு மறைத்த குடிசை. வாசலில் வரட்டி காய்ந்துகொண்டிருந்தது. சாணி தட்டி விற்றுத்தான் பிழைப்பு. அடுப்பில் போடுகிற வரட்டிக்கு யாரும் ராசி பார்ப்பதில்லை.

உள்ளே தூளி கட்டியிருந்தது. பிள்ளை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. பேச்சியம்மாள் தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து காலால் ஆட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மகள் குழாயடியில் நிற்கிறாள், வரிசை பெரிசு என்றாள்.

பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாளே தவிர அசையவில்லை. நான் வாசலில் குந்தி உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், துரு, கறை, நான் என் கையால் தேய்த்துக் காட்டியது. உன் கையில் ஒன்றுமே இல்லை, நான் சோதித்துப் பார்த்தவன் சொல்கிறேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கால் மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி. தோலை ரெண்டாக் கிழிச்சுப் பாத்திய. இந்தப் பிள்ளையை வச்சு நான் எப்படிப் பாக்க?"

மகள் குடத்தோடு வந்து தூக்குகிற வரைக்கும் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.